இரண்டு ராடு கழித்துப் படிக்கவும்

சாம்பியாவில் இரண்டு வருடம் ரிக் வண்டியில் இருந்தேன். ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போடும் வேலை. அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. கல் அங்கேயும் கல்தான்.

சேலத்துக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவே நான்கு நாள் போய் வந்ததை எழுது என்கிறார் ஸ்டெல்லா டீச்சர். நான் பிறந்த பக்கம் இது. ஆனால் அந்த நான்கு நாளும் வெளிநாட்டில் இருந்த மாதிரிதான் இருந்தது. அதனால் எழுதுகிறேன். எனக்குப் படிப்பு எட்டாவது. பிழை இருந்தால் டீச்சர் திருத்துவார்.

முதலில் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிகளில் ஒரு நோட்டு இருக்கும். எந்த ஊர், யார் காடு, எத்தனை அடியில் தண்ணீர், என்ன கல் என்று எழுதி வைப்போம். காடு என்றால் எங்கள் பக்கம் விவசாய நிலம். டீச்சர் சேலம் சூரமங்கலத்தில் சர்ச் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவர். பள்ளி வளாகத்தில் மூன்று போர் பொய்த்தது. நாலாவது நான் போட்டேன். அப்போது என் நோட்டைப் பார்த்தார்.

“இதே மாதிரி எல்லா வண்டியிலயும் இருக்கா அண்ணா?”

“இருக்குங்க டீச்சர்.”

“ஒருத்தர் நோட்டை இன்னொருத்தர் பார்ப்பீங்களா?”

“டீக்கடையில பார்த்துக்குவோங்க.”

அந்த டீக்கடையை அவர் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய் வைத்தார். பதினொரு வண்டிக்காரர்கள் போனில் எழுதுவோம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுக்கலாம். நிபந்தனை இரண்டு. எடுத்தால் எங்கே எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். அதோடு தன்னுடையதைச் சேர்த்து எதையாவது செய்தால், செய்ததையும் இதே போலத் திறந்து வைக்க வேண்டும். இதற்கு ஓப்பன் சோர்ஸ் என்று பெயராம். எங்களுக்கு அது ரிக் நோட்டு.

இந்த நோட்டின் மேல் ஒரு கம்பெனிக்குப் பாசம் வந்தது. பாதி பெங்களூர், பாதி வெளிநாடு. கூட்டுச் சேரலாம் என்று கடிதம் போட்டார்கள். வந்து பார்க்கிறோம், நான்காம் நாள் கையெழுத்துப் போடலாம் என்றார்கள். வழி காட்ட ஒரு ரிக்காரர் வேண்டும் என்றார்கள். டீச்சர் என்னைச் சொல்லிவிட்டார்.

முதல் நாள். திருச்செங்கோட்டில் பஸ் ஏறி சூரமங்கலத்தில் இறங்கினேன். பள்ளிக்கூட வாசலில் ஏசி வண்டி நின்றது. இரண்டு பேர் வந்திருந்தார்கள். நிவேதிதா என்ற பெண், பார்ட்னர்ஷிப் மேனேஜர். தமிழ் தெரியும், பேசமாட்டார். மார்ட்டின் என்ற வெள்ளைக்காரர். தமிழ் தெரியாது, பேசிப் பார்ப்பார்.

கழுத்தில் ஆளுக்கு ஒரு அட்டை மாட்டினார்கள். நிவேதிதா அட்டையில் பார்ட்னர் என்று இருந்தது. மார்ட்டினுடையதிலும் அதேதான். எனக்கும் டீச்சருக்கும் கம்யூனிட்டி என்று போட்டிருந்தது.

வண்டி டிரைவர் அட்டையை எட்டிப் பார்த்தார். “ஏனுங்ணா, எந்தக் கம்யூனிட்டின்னு போடலையே?”

“அது கையெழுத்துப் போட்ட அப்பறம் தெரியுமாட்ட இருக்குதுங்க” என்றேன்.

உள்ளே கூட்டம். நிவேதிதா இங்கிலீஷில் பேசினார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“உங்க அறிவு உலகத்துக்கே சொந்தம்கிறாங்க.”

“சரிங்க.”

“நாம கைகோத்து நடக்கணும்கிறாங்க.”

“எங்கங்க டீச்சர்?”

“அதைச் சொல்லலை.”

ஒப்பந்தக் காகிதம் முப்பது பக்கம் இருந்தது. டீச்சர் இரண்டு நாளாகப் படித்திருந்தார். எனக்கு மூன்று வரியில் சொன்னார். இனி பதினொரு வண்டியும் கம்பெனி போனிலேதான் எழுத வேண்டும். எழுதியது கம்பெனி வீட்டில் இருக்கும். நமக்கு வேண்டும்போது கேட்டால் காட்டுவார்கள்.

“நம்ம நோட்டைப் பார்க்க நாமளே கேக்கோணுங்களா?”

“ஆமாண்ணா. மரியாதையாக் கேட்டா நிச்சயம் காட்டுவாங்களாம்.”

“அப்பறம் எதுக்குங்க யோசனை? ஆகாதுன்னு சொல்லிப்போடுங்க.”

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். நோட்டு ஓடுகிற கம்ப்யூட்டர் பள்ளிக்கூட அறை ஒன்றில்தான் இருக்கிறது. பழசு. மழைக்காலத்தில் இருமும். கம்பெனி பள்ளிக்கு இருபது கம்ப்யூட்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறது. பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் ஃபாதருக்கு அதில் ஆசை. காரணம் இல்லாமல் வேண்டாம் என்று சொன்னால் நோட்டை அந்த அறையிலிருந்து எடுத்துவிடுவார்.

“காரணம் ஒன்னு வேணும்ணா. காட்டிப் பேசற மாதிரி.”

எங்களிடம் காரணம் இல்லை. மதியம் பிரியாணி இருந்தது. சாப்பிட்டோம்.

இரண்டாம் நாள் நிகழ்ச்சி நிரலில் ‘உள்ளூர் மக்களோடு ஒரு நாள்’ என்று இருந்தது. போர் போடுகிற இடத்துக்குப் போவோம் என்று நினைத்தேன். வண்டி அம்மாபேட்டைக்குப் போனது. தறி பார்க்க.

நெசவுக்காரர் ஒருவர் குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். மார்ட்டின் பார்த்து ஆச்சரியப்பட்டார். நெசவுக்காரர் மார்ட்டினைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. என்னைத் தறியில் உட்காரச் சொன்னார்கள்.

“நான் போர்க்காரனுங்க” என்றேன்.

“படத்துல அது தெரியாது” என்றார் நிவேதிதா. அன்றைக்குத்தான் அவர் தமிழ் பேசிக் கேட்டேன்.

உட்கார்ந்தேன். நெசவுக்காரர் குனிந்து காதில் சொன்னார். “கால எதுலயும் வச்சிராதீங்க. அறுந்தா நாலு நாள் வேலை.” காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இப்போது அந்தப் படம் கம்பெனிப் புத்தகத்தில் இருக்கிறது. கீழே ‘அனுபவம் மிக்க துளையிடும் தொழிலாளி’ என்று போட்டிருக்கிறார்கள். தறியில் என்ன துளையிடுகிறேன் என்று போடவில்லை.

வெளியே வந்து தட்டுவடை செட் சாப்பிட்டோம். மார்ட்டின் முதல் செட்டில் அழுதார். காரம். மூன்று செட் சாப்பிட்டார். தள்ளுவண்டிக்கார அம்மாவிடம், சட்னியில் என்ன போடுகிறீர்கள் என்று டீச்சரை விட்டுக் கேட்டார். அந்த அம்மா பூண்டு, மிளகாய், பீட்ரூட் துருவல் என்று எல்லாவற்றையும் சொன்னார். காகிதம் எதுவும் கேட்கவில்லை.

சாம்பியாவில் ஒரு தடவை கல்லை உடைக்கிற எங்கள் ரிக் சுத்தியல் துளையின் ஆழத்தில் மாட்டிக்கொண்டது. சாப்பாடு இல்லாமல் மண்டை காய்ந்து நின்றோம். வேறு நாட்டுக் கம்பெனி ரிக்காரன் ஒருவன் அந்த வழியாகப் போனான். இறங்கினான். பாஷை தெரியாது. கையால் காட்டினான். அவன் வண்டியிலிருந்து கொக்கி எடுத்துக் கொடுத்தான். சுத்தியல் வந்தது. போய்விட்டான். கூட்டுச் சேருவது என்றால் எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வரும். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பரமத்தி வேலூர். அது ஆற்றங்கரை. எங்களுக்கு அங்கே வேலை குறைவு. ஆனால் வாழைத்தோப்பு படத்துக்கு நன்றாக இருக்குமாம்.

டிரைவருக்கு வழி தெரியும். எனக்கும் தெரியும். நிவேதிதா போனை வைத்து வழி சொன்னார். போன் வாய்க்கால் கரையில் இறங்கச் சொன்னது.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் டிரைவரைப் பார்த்தேன். யாரும் எங்களைக் கேட்கவில்லை. இறங்கினார்.

கரை குறுகிக்கொண்டே போனது. ஒரு கொடிக்காலில் போய் முடிந்தது. முன்னால் வெற்றிலை. பின்னால் கரும்பு ஏற்றின டிராக்டர். டிராக்டர்காரர் இறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

“ஏனுங்க, வெத்தலை வாங்கவா இத்தாச்சோட்டுப் பெரிய வண்டியில வந்தீங்க?”

“வழி தவறிப்போச்சுங்க.”

“அக்கட்டால ரோடு நெடுஞ்சாண்கிடையாக் கெடக்குதே, அது கண்ணுக்குத் தெரியலீங்களா?”

“போனுக்குத் தெரியலீங்க.”

“அப்ப போனயே எறங்கித் தள்ளச் சொல்லுங்க சாமி.”

எல்லாரும் இறங்கித் தள்ளினோம். மார்ட்டினும் தள்ளினார். நல்ல மனிதர். சேறு பட்டதும் இன்னும் நல்ல மனிதராகத் தெரிந்தார். நிவேதிதா இறங்கவில்லை. போன் இன்னும் நேராகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தது.

பரமத்தி வேலூரில் வாழை இலைச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்துக் கை கழுவினதும் நிவேதிதா கம்ப்யூட்டரைத் திறந்தார். மறுநாள் நாமக்கல்லுக்கு மேற்கே முத்துசாமி என்பவர் காட்டில் ஒரு போர். கம்பெனி செலவு. என் வண்டிதான் போடப் போகிறது. எத்தனை அடியில் தண்ணீர் என்று கம்பெனியின் புதிய கருவி முன்கூட்டியே சொல்லும். அந்த ஆழத்தில் தண்ணீர் வந்ததும், அதே இடத்தில் டீச்சர் கையெழுத்துப் போடுவார். ஃபாதரும் வருகிறார். கேமரா வருகிறது.

திரையில் எண் வந்தது. அறுநூற்று இருபது அடி.

நான் தண்ணீர் குடித்தேன்.

“எப்பிடிங்க கண்டுபுடிச்சீங்க?” என்று கேட்டேன்.

“சாட்டிலைட். எங்க சொந்த ஆராய்ச்சி” என்றார்.

“எங்க நோட்டைப் பார்த்தீங்களா?”

மார்ட்டின் நிவேதிதாவைப் பார்த்தார். நிவேதிதா சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் ஏதோ சொன்னார். டீச்சர் மொழிபெயர்த்தார். “கூட்டுச் சேர்றதுக்கு முன்னாடி அடுத்தவங்க நோட்டைத் தொடறது எங்க கொள்கையில கிடையாதுங்கிறாங்க.”

வண்டியில் திரும்பும்போது டீச்சரிடம் சொன்னேன். முத்துசாமிக்குப் பக்கத்துக் காட்டில் இரண்டு வருடம் முன்னால் நான்தான் போர் போட்டேன். தண்ணீர் வந்தது ஐந்நூற்று எண்பதில். நோட்டில் அறுநூற்று இருபது என்று எழுதினேன்.

இது எங்கள் வழக்கம். துளைக்குள் இறக்குகிற இரும்புக் குழாய்தான் ராடு. ஒரு ராடு இருபது அடி. தண்ணீர் கிடைத்த ஆழத்தோடு எப்போதும் இரண்டு ராடு கூட்டித்தான் எழுதுவோம். ஏமாற்ற இல்லை. கோடையில் தண்ணீர் இறங்கும். உள்ளதை எழுதினால் பக்கத்துக் காட்டுக்காரன் நோட்டைப் பார்த்துவிட்டு ஐந்நூற்று எண்பதோடு நிறுத்திக்கொள்வான். சித்திரையில் மோட்டார் காற்றை இழுக்கும். அதனால் அடுத்தவன் எதுவரை மனதைத் தயார் பண்ண வேண்டுமோ அதை எழுதுவோம். தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். டீச்சருக்கும் தெரியும். நோட்டின் முதல் பக்கத்திலேயே ‘ஆழத்தில் இரண்டு ராடு கழித்துப் படிக்கவும்’ என்று போட்டிருக்கிறார்.

“முதல் பக்கத்தை யாரும் படிக்கறதில்லைண்ணா” என்றார் டீச்சர்.

“சாட்டிலைட்டுக்கு எங்க வழக்கம் எப்பிடிங்க தெரிஞ்சுது?”

டீச்சர் போனில் நோட்டைத் திறந்து அந்த வரியைப் பார்த்தார். “நாம சொன்னா தற்செயல்னு சொல்லிடுவாங்க. ஃபாதர் நம்பமாட்டார்.”

“நாளைக்குக் கல்லு சொல்லும் பார்ப்போங்க. சொல்லாமப் போனாலும் போகும். கல்லை நம்ப முடியாது.”

நான்காம் நாள். முத்துசாமி காடு மேட்டுப் பூமி. கடலை போட்டுக் காய்ந்த செம்மண். முன்னால் போட்ட இரண்டு போரிலும் புழுதிதான் வந்தது என்றார். அவர் சம்சாரம் பாவாயி எல்லாருக்கும் மோர் கொடுத்தார்.

காலையிலேயே ஓட்ட ஆரம்பித்துவிட்டேன். பத்து மணிக்கு மேல் பந்தல்காரர்கள் வந்து மேடை போட்டார்கள். வண்டியை ஒட்டி.

“தள்ளிப் போடுங்க. தண்ணி வந்தா அடிக்கும்” என்றேன்.

“கேமராவுல பின்னாடி ரிக் தெரியணும்” என்றார் நிவேதிதா. “அறுநூத்து இருபதுலதானே வரும்? முப்பதாவது ராடு மாட்டும்போது சொல்லுங்க. எல்லாருக்கும் மழைக்கோட்டு வச்சிருக்கோம்.”

மழைக்கோட்டுகள் வெள்ளை நிறம். மடிப்புக் கலையாமல் ஒரு பெட்டியில் இருந்தன.

இருபத்தெட்டாவது ராடு இறங்கிக்கொண்டிருந்தது. புழுதியின் நிறம் மாறியது. வாசம் வந்தது. ஈரக் கல்லின் வாசம். வண்டியிலிருந்து இறங்கி மேடைக்குப் போனேன். நிவேதிதா பேசிக்கொண்டிருந்தார்.

“கோட்டை இப்பவே போட்டுக்கங்க” என்றேன்.

கம்ப்யூட்டரைப் பார்த்தார். “இன்னும் அறுபது அடிக்கு மேல இருக்கு.”

“இருக்கட்டுங்க. போட்டுக்கங்க.”

“நீங்க உங்க வேலையைப் பாருங்க அண்ணா.”

என் வேலையைப் பார்த்தேன். இருபத்தொன்பதாவது ராடை மாட்டினேன்.

அவர் மேடையில் சொல்லிக்கொண்டிருந்ததை டீச்சர் பிற்பாடு சொன்னார். ‘மண்ணுக்கு அடியில் இருப்பதை எங்கள் தொழில்நுட்பம் கண்ணாடி போலக் காட்டும்.’ அந்த ராடு முடியப் போகிற நேரத்தில் தண்ணீர் பீறிட்டது. சாம்பல் நிறச் சகதியாக வந்தது முதலில். மேடைக்குத்தான் போனது. ஃபாதரின் வெள்ளை அங்கி சிமெண்டு பூசின மாதிரி ஆனது. மார்ட்டின் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சிரித்தார். கேமராக்காரர் கேமராவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார். முப்பது பக்கக் காகிதம் களி ஆனது.

முத்துசாமி மேடையைப் பார்க்கவே இல்லை. குனிந்து தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டார்.

பாவாயி என்னிடம் வந்து கேட்டார். “ஏனுங்ணா, அந்தப் புள்ள இன்னும் நாப்பது அடி போகோணும்னு சொல்லுச்சே? தண்ணிக்கு அவசரமாட்ட இருக்குது?”

“தண்ணிக்குத் தெரியலீங்க. அழைப்பு அனுப்பலையாட்ட இருக்குது.”

வண்டியை நிறுத்தினேன். சத்தம் அடங்கியது. டீச்சர் சேற்றோடு நின்றபடி நிவேதிதாவிடம் தமிழிலேயே கேட்டார்.

“ஐந்நூத்தி எண்பதுல வந்துருச்சு. உங்க எண் நாற்பது அடி கூட. பக்கத்துக் காட்டுக்கு எங்க நோட்டுல இருக்கற அதே எண். எப்படி?”

“ஆராய்ச்சின்னா ஒரு நாற்பது அடி முன்னப்பின்ன இருக்கும். இயல்பு” என்றார் நிவேதிதா. கன்னத்தில் சகதி வழிந்தது.

ஃபாதர் அங்கியைப் பிழிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். காகிதம் நனைந்துவிட்டதால் கையெழுத்தைத் தள்ளி வைப்போம், புதுக் காகிதம் பதினைந்து நாளில் வரும் என்று நிவேதிதாவே சொன்னார். மழைக்கோட்டுப் பெட்டியைத் திறக்காமலே ஏற்றினார்கள். மார்ட்டின் மட்டும் என்னிடம் வந்தார். கை கொடுத்தார். “நன்றி அண்ணா” என்றார். பிறகு இங்கிலீஷில் ஏதோ கேட்டார். டீச்சர் சொன்னார். “முன்னாடியே எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கறார்.”

“நோட்டுல எழுதியிருக்குதுங்க. முதல் பக்கம்.”

எல்லாரும் போன பிறகு பாவாயி சோறு போட்டார். சாப்பிட்டுவிட்டு போனை எடுத்தேன். முத்துசாமி காடு, வெள்ளைக் கல், நல்ல தண்ணீர் என்று எழுதினேன். ஆழம் எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது.

வழக்கப்படி எழுதினால் அறுநூற்று இருபது. கம்பெனி சொன்னது அச்சாக அதே எண். நோட்டே அவர்கள் பக்கம் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். உள்ளதை எழுதினால் ஐந்நூற்று எண்பது. கம்பெனி தோற்றதாக ஊருக்கே தெரியும். ஆனால் முத்துசாமிக்கு வடக்கே இன்னும் மூன்று காடு இருக்கிறது. அவர்கள் நோட்டைப் பார்ப்பார்கள். இந்த ஒரு வரியில் மட்டும் கழிக்கக் கூடாது என்று அவர்களுக்கு யார் சொல்வார்கள்?

அறுநூற்று இருபது என்று எழுதினேன். டீச்சரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. “உங்க எழுத்து, உங்க இஷ்டம்ணா” என்றார். குரல் சரியாக இல்லை. பதினைந்து நாளில் புதுக் காகிதம் வரும். கையில் காரணம் இல்லை. இருந்த ஒன்றையும் நானே அழித்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து டீச்சர் போன் பண்ணினார். சிரிப்பில் பேச்சு வரவில்லை.

கம்பெனி ஊர் உலகத்துக்கெல்லாம் அறிக்கை விட்டிருந்தது. நாமக்கல் சோதனை மாபெரும் வெற்றி. எங்கள் கருவி கணித்தது அறுநூற்று இருபது. தண்ணீர் கிடைத்ததாகப் பதிவானது அறுநூற்று இருபது. ஒரு அடி கூடப் பிசகவில்லை. பதிவுக்கு ஆதாரம் கேட்பார்கள் அல்லவா? நான் எழுதிய பக்கத்தைப் படம் பிடித்துக் கீழே போட்டிருந்தார்கள். ரிக் நோட்டு என்று பெயரும் இருந்தது.

மேடையில் நனைந்தவர்களே இதை எழுதினார்கள். நனைந்தது எத்தனையாவது அடியில் என்று அவர்களுக்கு ஞாபகம் இல்லை.

டீச்சர் ஒரு கடிதம் போட்டார். எல்லாரும் பார்க்கிற இடத்தில்தான் போட்டார். ‘எங்கள் நோட்டைப் பயன்படுத்தியதற்கு மகிழ்ச்சி. நிபந்தனைப்படி உங்கள் ஆராய்ச்சியையும் திறந்து வையுங்கள்.’ ஃபாதருக்கும் ஒரு பிரதி கொடுத்தார்.

கம்பெனி பத்து நாள் பேசவில்லை. புதுக் காகிதமும் வரவில்லை. பிறகு மார்ட்டின் திறந்தார். கம்பெனி திறந்தது என்று சொல்லமாட்டேன்.

டீச்சர் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். திரையில் சாட்டிலைட் ஆராய்ச்சி வரிசையாக இருந்தது. ஊர், ஆழம், கல். எல்லாம் எங்கள் பதினொரு வண்டியின் நோட்டு. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு இங்கிலீஷில் மாற்றியிருந்தார்கள். ‘நில இயல்புகள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு வரியை டீச்சர் எனக்குப் படித்துக் காட்டினார்.

“கல் கெட்டி. வீட்டுக்காரர் சோறு போடவில்லை.”

என் எழுத்துதான். கொரோனாவுக்கு முந்தின வருடம், சங்ககிரிப் பக்கம். அந்த வீட்டுக்காரர் முகம் கூட ஞாபகம் இருந்தது. சாட்டிலைட்டும் அவரைப் பார்த்திருக்கிறது.

ஃபாதர் அதை நின்று வாசித்தார். இருபது கம்ப்யூட்டரைப் பற்றிப் பிறகு பேசவில்லை. என்னிடமும் பேசுவதில்லை. அங்கி வெளுக்கவில்லை போல. நோட்டு அதே அறையில் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் போனால் போகட்டும் என்று டீச்சர் முழு நோட்டையும் மூன்று வண்டிக்காரர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் பிரதி வைத்துவிட்டார். அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

போன வாரம் முத்துசாமிக்கு வடக்கே இரண்டாவது காட்டில் போர் போட்டேன். தண்ணீர் அறுநூறில் வந்தது. அறுநூற்று நாற்பது என்று எழுதினேன். குறிப்பில், சோறு போட்டார்கள்.